எந்த டைக்குப் பெயர் கிடைக்கும்? பிசிஜிஎஸ், என்ஜிசி, அனாக்ஸ் வெரைட்டி சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

1955-இல் பிலடெல்பியாவில் அடித்த லிங்கன் சென்ட் இரண்டை எடுத்துக்கொள்வோம். முதல் காசில் தேதி, 'லிபர்ட்டி', மேலே உள்ள 'இன் காட் வி டிரஸ்ட்' எல்லாமே இரண்டிரண்டாக விலகி நிற்கும். லென்ஸ் தேவையில்லை, கையை நீட்டிப் பிடித்தாலே தெரியும். இரண்டாவது காசில் தேதியின் கடைசி 5-க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நிழல். இந்த இரண்டாவதுக்கு 'ஏழையின் டபுள் டை' என்று பெயர் வைத்துப் பல ஆண்டுகள் விற்றார்கள். கிரேடிங்குக்கு, அதாவது தரம் பார்த்து லேபிளோடு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் நிறுவனத்துக்கு, அனுப்பினால் முதல் காசு பிசிஜிஎஸ் என்ற நிறுவனத்தின் கூட்டில் 2825 என்ற தனி எண்ணோடு வரும். இரண்டாவது சாதாரண 1955 சென்ட்டின் 2822-ஆகத் திரும்பி வரும். முதலாவதன் விலை ஆயிரம் டாலருக்கு மேல். இரண்டாவதுக்கு அனுப்பிய தபால் செலவுகூடத் தேறாது.

இரண்டிலும் 'இரட்டை' தெரிகிறது என்பது உண்மை. ஆனால் முதலாவது, காசை அடிக்கும் அச்சை, அதாவது டையை, செய்யும்போதே பிறந்த இரட்டை. இரண்டாவது ஆயிரக்கணக்கில் காசு அடித்துத் தேய்ந்துபோன டையின் களைப்பு. கிரேடிங் நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது, எங்கே வளைகிறது என்று தெரியாமல் வெரைட்டிக் கட்டணம், அதாவது காசு எந்த டையில் அடித்தது என்று பெயரிட்டுத் தரும் சேவைக்கான கட்டணம், கட்டுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்க நாணயங்களுக்கு இந்தச் சேவையைத் தருகிற மூன்று பழைய நிறுவனங்களை வைத்து அதைப் பார்ப்போம்: 1972-இல் தொடங்கிய அனாக்ஸ், 1986-இல் காசுகளைக் கிரேடிங்குக்கு ஏற்கத் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் வந்த என்ஜிசி.

முதல் கேள்வி: கோளாறு டையில் இருக்கிறதா, காசில் இருக்கிறதா?

டை என்பது காசின் மேல் அழுத்தும் எஃகு அச்சு. அந்த அச்சுக்கே உருவத்தைப் பதிப்பது ஹப். 1990-களின் பிற்பகுதி வரை ஒரு டைக்கு ஹப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தினார்கள். ஒரு முறை அழுத்தினால் எஃகு இறுகிவிடும், உலையில் வைத்து இளக்கி மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாவது அழுத்தத்தில் டை இம்மி திரும்பியிருந்தாலும், வேறொரு ஹப்பை மாற்றி எடுத்திருந்தாலும் இரண்டு உருவமும் டையில் நிரந்தரமாக ஏறிவிடும். அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே அளவில் வரும். 'அதே' என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு டையிலிருந்து வந்த எல்லாக் காசிலும் திரும்ப வரும் அடையாளம் மட்டுமே வெரைட்டி. ஒரே ஒரு காசில் வந்தது எரர். அது வேறு கட்டணம், வேறு மேசை.

இரட்டையாகத் தெரிந்தும் வெரைட்டி ஆகாதவை மூன்று வகை. அனுப்புகிறவர்கள் அதிகம் சறுக்குவது மெஷின் டபுளிங்கில். அடித்து முடித்து டை விலகும்போது தளர்ந்திருந்தால் புதிதாக அடித்த எழுத்தின் ஓரத்தை இழுத்துத் தட்டையாக்கிவிடும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் அடியில் ஒரு படிக்கட்டு போல, பளபளப்பான, உயரமில்லாத திண்ணை தெரியும். அசல் எழுத்து அந்த அளவுக்கு ஒல்லியாகியிருக்கும். உண்மையான டபுள் டையில் எழுத்து தடிக்கும், இரண்டு உருவமும் உருண்டு எழும்பி நிற்கும், எழுத்தின் மூலைகளில் பிளவு தெரியும். 'திண்ணையா, பிளவா' என்று கேட்டுப் பார்த்தாலே பாதிக்கு மேற்பட்ட காசுகள் அனுப்பும் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வகை டை தேய்வு. எழுத்துகளின் ஓரம் வீங்கிப் பரவும், பக்கத்துத் தளம் ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பாக இருக்கும். ஏழையின் 1955 இந்த ரகம். மூன்றாவது, 1982-இலிருந்து வந்த துத்தநாக சென்ட்டுகளுக்கே உரியது. மேலே பூசிய மெல்லிய செம்பு, அடிக்கும் அழுத்தத்தில் எழுத்தோரமாகக் கிழிந்து, உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகம் ஒரு கோடாகத் தெரியும். நிறம் மாறியிருந்தால் அது டை அல்ல, பூச்சு.

ஒரு காசை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் 1969-எஸ் சென்ட்டைச் சொல்லலாம். சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது. அதன் டபுள் டை மிகப் பெரிய விலைக்குப் போவது. அந்த ஆண்டு மெஷின் டபுளிங் காசுகளும் நிறைய. பிரித்தறிய ஒரு தெளிவான வழி உண்டு. அந்தக் காலத்தில் மின்ட் மார்க்கை, அதாவது எந்த நாணயச்சாலை என்று காட்டும் 'எஸ்', 'டி' போன்ற எழுத்தை, ஹப்பில் வைக்கவில்லை. உருவமெல்லாம் ஏறிய பிறகு, ஒவ்வொரு டையிலும் கையால் உளி வைத்துத் தட்டினார்கள். ஹப் இரண்டு முறை விலகி அழுத்தியிருந்தால் தேதியும் 'லிபர்ட்டி'யும் இரட்டிக்கும், பின்னால் தட்டிய 'எஸ்' ஒற்றையாகத்தான் இருக்கும். காசு அடிக்கும்போது டை இழுத்திருந்தால் 'எஸ்' உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். எனவே 'எஸ்'ஸும் தேதி போன திசையிலேயே இரட்டித்திருந்தால் அந்தக் காசை அனுப்ப வேண்டாம். சென்ட்டிலும் நிக்கலிலும் (5 சென்ட் காசு) 1990 முதல், மற்ற காசுகளில் 1991 முதல் மின்ட் மார்க் மற்ற டைகளுக்கு மூலமான மாஸ்டர் டையிலேயே வந்துவிட்டதால் இந்தச் சோதனை அதற்குப் பிந்தைய காசுகளுக்குச் செல்லாது. மின்ட் மார்க்கை இரண்டு முறை தட்டிய வெரைட்டிகளும் அந்த ஆண்டுகளோடு ஓய்ந்தன.

டை ஒரே அழுத்தத்தில் செய்யப்படத் தொடங்கிய பிறகு டபுள் டை நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை, இடம் மாறியது. டை சற்றே சாய்ந்து அமர்ந்து, அழுத்தத்தில் நேராகும்போது காசின் நடுப்பகுதியில் ஒரு சிறு இரட்டிப்பு விழுகிறது. 2009-இல் வந்த நான்கு லிங்கன் சென்ட்டுகளில், இளம் லிங்கன் மரக்கட்டைமேல் அமர்ந்து புத்தகம் படிக்கும் காசின் கையில் கூடுதல் விரல் தெரிவது இதனால்தான். நவீன காசில் தேதியையோ ஓர எழுத்தையோ பார்த்து நேரம் கழிப்பதைவிட நடுவில் பார்ப்பது பயன் தரும்.

பட்டியல்தான் வாசல்

டையில் பிறந்த கோளாறு என்று நிரூபணமானாலும் நிறுவனம் உடனே பெயர் தந்துவிடாது. புதிதாக ஆராய்ந்து பெயர் சூட்டுவது அவர்கள் அன்றாட வேலை அல்ல. ஏற்கெனவே ஒரு நம்பகமான பட்டியலில் இருக்கும் எண்ணோடு உங்கள் காசைப் பொருத்துவதுதான் வேலை. ஆகவே எந்தப் பட்டியல் என்பது முதலில் தெரிய வேண்டும்.

பழைய காசுகளில் இது எளிது. 1793 முதல் 1814 வரையான பெரிய சென்ட்டுகளின் டைகளைக் கையால் செய்தார்கள். ஒவ்வொரு டையும் பிறவியிலேயே வேறு. அவற்றுக்கு ஷெல்டன் எண், 1816 முதல் 1857 வரை நியூகம் எண், அரை டாலருக்கு ஓவர்டன் எண் என்று காலங்காலமாக ஒழுங்கான நூல்கள் உண்டு. மூன்று நிறுவனங்களுமே இவற்றை மதிக்கின்றன, தகராறு குறைவு. மோர்கன், பீஸ் வெள்ளி டாலர்களுக்கு வேன் ஆலன், மாலிஸ் இருவரும் தொகுத்த வாம் எண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தகராறு தொடங்குவது இங்கே.

சென்ட், நிக்கல், டைம் (10 சென்ட்), குவார்ட்டருக்கு (25 சென்ட்) எல்லோரும் சாய்ந்து நிற்பது ஃபிவாஸ்–ஸ்டான்டன் எண். லேபிளில் எஃப்எஸ் என்று வரும். அந்த எண்ணுக்குள்ளேயே வகை ஒளிந்திருக்கிறது: 101-இல் தொடங்குபவை முன்பக்க டபுள் டை, 501-இல் தொடங்குபவை மின்ட் மார்க் சமாசாரம், 801-இல் தொடங்குபவை பின்பக்க டபுள் டை, 901-இல் தொடங்குபவை பின்பக்கத்தின் மற்ற கோளாறுகள். 1955-இன் பெரிய டபுள் டை எஃப்எஸ்-101. மூன்று கால் எருமை என்று பெயர் பெற்ற 1937-டி நிக்கல் எஃப்எஸ்-901. பழைய கூடுகளில் புள்ளி வைத்த எண்கள் காணப்படும், அவை இந்த முறைக்கு முந்தையவை. வாங்கும் முன் புதிய எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்எஸ் பட்டியல் திட்டமிட்டே சுருக்கமானது. அதற்கு வெளியே கோனெகா என்ற எரர் சேகரிப்போர் அமைப்பும் தனி ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்து வைத்திருக்கும் டபுள் டைகள் மிகமிக அதிகம். டபுள் டையை, திரும்பியதா, நகர்ந்ததா, உருவம் மாறியதா, சாய்ந்ததா என்று எட்டு வகுப்புகளாகப் பிரித்தது இந்த வட்டாரம்தான். ஆராய்ச்சி என்ற அளவில் அதுதான் ஆழமான கிணறு. ஆனால் அங்கே எண் இருக்கிறது என்பதற்காக பிசிஜிஎஸ் லேபிளில் அந்த எண் வந்துவிடாது. பலர் கசந்துபோவது இந்த இடத்தில்தான்.

பட்டியலும் கல்வெட்டு அல்ல. 1980-டி சென்ட்டில் 'எஸ்' மேல் 'டி' தட்டியதாக ஒரு வெரைட்டி சில காலம் பட்டியலில் இருந்தது, கூடுகளிலும் ஏறியது; பின்னர் மின்ட் மார்க் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி பார்த்து நீக்கிவிட்டார்கள். பழைய கூடு இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கைமாறுகிறது. கூட்டின் லேபிளை மட்டும் படித்து வாங்குகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

பிசிஜிஎஸ்

மூன்றில் மிகக் கறாரான வாசல் இதுதான். சந்தையில் மிக அதிகம் மதிக்கப்படும் லேபிளும் இதுதான். பெரிய வெரைட்டிகளை, அதாவது 1955 டபுள் டை, 1942/1 டைம் (தேதியில் 1-இன் மேல் 2 ஏறியது), மூன்று கால் நிக்கல் போல விலைப்பட்டியல் நூல்களில் தனி வரியாக நிற்பவற்றை, வழக்கமான கிரேடிங்கிலேயே குறித்துவிடுவார்கள். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு விண்ணப்பத்தில் வெரைட்டி சேவை கேட்டுத் தனிக்கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் வேலைக்கானது, விடைக்கானது அல்ல. 'இது அந்த டை அல்ல' என்பதும் அவர்கள் கணக்கில் விடைதான்.

இவர்கள் ஒரு வெரைட்டியை ஏற்றால் அதற்குத் தனி எண், தனி விலை வரி, எத்தனை காசு இதுவரை வந்தது என்ற கணக்கு, ரெஜிஸ்ட்ரி தொகுப்பில் (சேகரிப்போர் போட்டிக்காகப் பதிவு செய்யும் தொகுப்பு) ஓர் இடம் எல்லாம் சேர்ந்தே பிறக்கின்றன. தொகுப்பில் இடம் பிறந்தால் அதை நிரப்ப ஆள் வருகிறார், விலை ஏறுகிறது. ஒரு வெரைட்டியை ஏற்பது தொழில்நுட்ப முடிவு மட்டுமல்ல, சந்தையில் ஒரு கதவைத் திறப்பதும்தான். அவர்கள் நிதானமாக நடப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம். வெறும் லென்ஸில் ஒருவருக்கும் தெரியாத டபுள் டைக்குத் தொகுப்பில் இடம் கொடுத்தால் வாங்கியவர் நாளை விற்க முடியாமல் தவிப்பார்.

லேபிளில் உள்ள எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 2825.58 என்று தொடங்கினால் புள்ளிக்கு முன்னால் இருப்பது காசு: 1955 டபுள் டை, பழுப்பு நிறம். புள்ளிக்குப் பின்னால் கிரேடு. 2826 என்றால் செம்பழுப்பு, 2827 என்றால் முழுச் சிவப்பு. எழுத்தில் 'டபுள் டை' என்று இருந்து எண் 2822-இல் தொடங்கினால் அச்சுப் பிழை. இத்தகைய எழுத்துப் பிழைகள் அவர்கள் உத்தரவாதத்துக்குள் வராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். வாங்கும்போது எழுத்து, எண், காசு மூன்றையும் பொருத்திப் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு.

குறை என்று சொல்ல வேண்டியது: ஏன் ஒரு வெரைட்டி உள்ளே, அதன் பக்கத்து வெரைட்டி வெளியே என்று காரணம் எழுதுவதில்லை. பட்டியலைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

என்ஜிசி

இவர்களுடைய வெரைட்டிப்ளஸ் பக்கம்தான் மூன்றில் மிகவும் பயனுள்ள இலவசப் பொருள். உறுப்பினர் ஆகாமலேயே யாரும் திறந்து பார்க்கலாம். ஆண்டு, மதிப்பு வாரியாகப் படங்கள், எஃப்எஸ், வாம், ஷெல்டன், ஓவர்டன் எண்கள் எல்லாம் ஒரே இடத்தில். எந்த நூலிலும் எண் இல்லாதவற்றுக்கு இவர்களே விபி என்று தொடங்கும் எண் வைத்தார்கள். நீண்ட காலம் அதைக் கட்டியெழுப்பியவர் நாணய வரலாற்றாசிரியர் டேவிட் லாங்கே, 2023-இல் காலமானார். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒழுங்கு அவர் உழைப்பின் அடையாளம்.

கொள்கை நேரடியானது: வெரைட்டிப்ளஸில் இருந்தால் லேபிளில் வரும், இல்லையென்றால் வராது. இதில் ஊகத்துக்கு இடமில்லை, பணம் கட்டும் முன்பே விடை தெரிந்துவிடுகிறது. அனுப்புகிறவர் கண்ணோட்டத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே என்ஜிசியை முதலில் வைக்கலாம். பட்டியலில் உள்ள பெரிய படத்தையும் கையில் இருக்கும் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரட்டிப்பு மட்டும் பொருந்தினால் போதாது. டையில் விழுந்த கீறல், விரிசல், மின்ட் மார்க் நிற்கும் இடம் எல்லாம் பொருந்த வேண்டும். ஒரே ஆண்டில் ஒரே மாதிரியான பல டபுள் டைகள் உண்டு.

1972 சென்ட் இதற்குச் சரியான பாடம். அந்த ஆண்டு பிலடெல்பியாவில் டபுள் டை ஒன்று இரண்டல்ல, பல. விலை முதலாவதற்குத்தான், எஃப்எஸ்-101. அதில் இரட்டிப்பு கண்ணுக்குத் தெரியும் அளவு பலமானது. மற்றவை மெல்லியவை, விலையும் மெல்லியது. முதலாவதன் அடையாளம் பின்பக்கத்தில்: 'யுனைடெட்' என்ற சொல்லின் கடைசி 'டி'க்கு மேலே, விளிம்பையொட்டி ஒரு சிறு டைக் கீறல். 1955-க்கும் இப்படியே பின்பக்கத்தில்தான் சாட்சி: 'சென்ட்' என்ற சொல்லின் 'டி'யில், நிற்கும் தண்டுக்கு இடப்பக்கம் மெல்லிய செங்குத்துக் கோடு. போலிகள் முன்பக்க இரட்டிப்பை அக்கறையாகச் செய்கின்றன. பின்பக்கக் கோட்டில் கோட்டை விடுகின்றன.

என்ஜிசியிடம் குறை உலக நாணயங்களில் தெரிகிறது. அமெரிக்க வெரைட்டிகளுக்குக் காட்டும் படச் செழிப்பு மற்ற நாடுகளுக்கு இல்லை.

அனாக்ஸ்

அமெரிக்க நாணயச் சங்கத்தின் சேவையாகத் தொடங்கி, 1990-இல் தனியாருக்குக் கைமாறி, இன்று கொலராடோவில் நடக்கிறது. உறுப்பினர் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம். வெரைட்டி விஷயத்தில் வாசல் அகலம். பிசிஜிஎஸ் முகம் கொடுக்காத வாம் எண்களும் சின்னச் சின்ன டபுள் டைகளும் இங்கே லேபிளில் ஏறும். வாம் சேகரிப்போர் இவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

வாம் உலகின் அளவைப் புரிந்துகொண்டால் இந்தச் சேவையின் தேவை புரியும். 1878-இல் மோர்கன் டாலர் தொடங்கியபோது கழுகின் வாலில் எட்டு இறகுகள். உடனே ஏழாக மாற்றச் சொன்னார்கள். எட்டு இறகு டைகளில் சிலவற்றின் மேலேயே ஏழு இறகு ஹப்பை அழுத்தினார்கள். ஏழின் அடியில் எட்டின் நுனிகள் எட்டிப் பார்க்கும். அந்த ஓராண்டில் மட்டும் பிரித்தறியக்கூடிய டை சேர்க்கைகள் மலைபோல் குவிந்தன. 1900-ஓ டாலர்களில் சிலவற்றில் 'ஓ'வின் அடியில் 'சிசி' தெரியும். கார்சன் சிட்டி நாணயச்சாலை டாலர் அடிப்பதை நிறுத்தியபின் மிஞ்சிய டைகளில் 'ஓ'வைத் தட்டி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். வரலாறு கண்ணுக்கு முன்னால் காசில் நிற்கிறது. 1888-ஓ வாம்-4 டாலர், அதில் உள்ள சீமாட்டியின் உதடும் மூக்கும் தாடையும் இரட்டிப்பதால் 'ஹாட் லிப்ஸ்' என்று அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் நன்றாகத் தேய்ந்தே கிடைக்கும்.

இப்படிப் பெயர் பெற்ற வாம்களுக்கு முதல் நூறு, அடுத்த ஐம்பது என்று தேர்ந்தெடுத்த பட்டியல்கள் உண்டு. பெரிய நிறுவனங்கள் அவற்றையொட்டி நிற்கும். அந்தப் பட்டியல்களுக்கு வெளியே இருக்கும் வாம் ஒன்றை லேபிளில் பார்க்க ஆசைப்பட்டால் அனாக்ஸ்தான் வழி. ஆனால் ஒன்றைத் தெரிந்து அனுப்புங்கள்: விற்கும்போது அதே கிரேடு அனாக்ஸ் கூட்டில் குறைந்த விலைக்கே போகும். சேகரித்து வைப்பவருக்கு அது பொருட்டல்ல. விற்பவருக்குப் பொருட்டு.

விதி வளையும் இடங்கள்

மூன்று நிறுவனங்களும் பொதுவாக 'டை விரிசல், டைச் சில்லு, டைத் தேய்வு வெரைட்டி ஆகாது' என்ற பக்கம் சாய்கின்றன. சரியான நிலைதான். இல்லையென்றால் முடிவே இருக்காது, ஒவ்வொரு டையும் வாழ்நாளில் விரிசல் விடும். ஆனாலும் அமெரிக்க வெரைட்டிகளில் பெரும்புகழ் பெற்ற சில, இந்த விதிப்படி பார்த்தால் உள்ளே வந்திருக்கவே கூடாது.

மூன்று கால் எருமையை எடுங்கள். இரண்டு டைகள் காசில்லாமல் மோதிக்கொண்ட தழும்பை நீக்க ஒரு பணியாளர் டையை அளவுக்கு மீறித் தேய்த்தார். எருமையின் முன்னங்கால் ஒன்று போய்விட்டது. டையைப் பராமரிக்கப் போய் நேர்ந்த சேதம் அது. 1922-இல் சென்ட் அடித்தது டென்வர் மட்டுமே. எல்லாவற்றிலும் 'டி' இருக்க வேண்டும். 'டி' இல்லாதவை வந்தது டை பழுதாலும் தேய்த்ததாலும். அவற்றிலும் பின்பக்கம் கூர்மையாக இருக்கும் இரண்டாவது டை ஜோடிக்குத்தான் முழு மரியாதை. அங்கே தேதியின் இரண்டாவது 2, முதல் 2-ஐ விடக் கூர்மையாக இருக்கும். பின்பக்கம் மழுங்கிய மற்ற ஜோடிகளுக்கு 'பலவீனப் பின்பக்கம்' என்றோ 'பலவீன டி' என்றோ லேபிள், விலை பல மடங்கு குறைவு.

2004-டி விஸ்கான்சின் குவார்ட்டரில் மக்காச்சோளத்தின் இடப்பக்கம் ஓர் இலை கூடுதலாக முளைத்தது. அந்த ஆண்டின் கடைசியில் சான் அன்டோனியோ, டூசான் பக்கம் கிடைக்கத் தொடங்கியது. மேலே வளைந்தது எஃப்எஸ்-5901, கீழே இறங்கியது எஃப்எஸ்-5902. டையில் யாரோ கருவியால் அழுத்தியதா, தற்செயலா என்பது இன்றும் விவாதம். எப்படிப் பார்த்தாலும் அது டையில் விழுந்த பள்ளம். 2005-டி நிக்கலில் எருமையின் முதுகிலிருந்து வயிறு வரை ஈட்டி குத்தியது போல ஓடும் கோடும் அப்படியே. கார்சன் சிட்டி 1890 டாலரின் 'வால் கம்பி', வாம்-4, அதுவும் கீறல்தான்.

இவை ஏன் உள்ளே? கையில் பிடித்தவுடன் தெரிகிறது, வாயில் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது, விலை நூலில் வரி இருக்கிறது, தேடும் ஆள் இருக்கிறார். இந்த நான்கும் கூடினால் டை எப்படிக் கெட்டது என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது. இதில் நமக்கு மறுப்பு இல்லை. நாணயம் மக்கள் விரும்பிச் சேகரிக்கும் பொருள். ஆனால் லேபிளில் 'வெரைட்டி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது சரியில்லை. ஹப்பில் பிறந்ததா, மின்ட் மார்க்கா, டைச் சேதமா என்று ஒரு சொல் கூடுதலாகப் போட்டால் புதிதாக வருபவர் தன் காசில் உள்ள ஒவ்வொரு கீறலையும் இன்னொரு விஸ்கான்சின் என்று நம்பிக் கட்டணம் கட்ட மாட்டார். மூன்று இலக்க எஃப்எஸ் எண்ணின் முதல் இலக்கம் அந்த வேலையைப் பாதி செய்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு

பிரிட்டிஷ் இந்திய நாணயத்திலும் இந்தச் சேவைகளுக்கு வேலை இருக்கிறது. 1862 தேதியிட்ட விக்டோரியா ரூபாயை அந்தத் தேதியை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். தேதியின் அருகிலும் பூ வேலைப்பாட்டிலும் உள்ள புள்ளிகளை எண்ணித்தான் உருவ வகையையும் அடித்த காலத்தையும் பிரிக்கிறோம். என்ஜிசி லேபிளில் ஸ்டீவன்ஸ்–வியர் எண் வருவதைப் பார்க்கலாம். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி அடுத்த ஆண்டு திருத்திய ரூபாய் இதில் சேராது. அது டை வெரைட்டி அல்ல, உருவமே மாறிய தனி ரகம். அதற்கு வெரைட்டிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் தபாலில் போடும் முன் சட்டத்தைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கிரேடிங்குக்குத்தான் அனுப்புகிறோம், திரும்பி வந்துவிடும் என்பது விலக்கு ஆகாது. 1862 ரூபாயும் 1911 ரூபாயும் இதில் அடங்கும்.

குடியரசு நாணயங்களில் 'டபுள் டை' என்று இணையத்தில் விலை போட்டு வருபவற்றில் பெரும்பான்மை மேலே சொன்ன திண்ணை ரகம். இவற்றுக்கு நிறுவனங்களிடம் சரியான வெரைட்டிப் பட்டியலும் இல்லை. அனுப்பினால் கிரேடு மட்டும் வரும்.

அனுப்பும் முறை

முதலில் 5 மடங்கு லென்ஸில் பாருங்கள், பிறகு 10 மடங்கில். பத்தில் மட்டும் தெரிந்து ஐந்தில் தெரியாதது ஆராய்ச்சிக்கு அழகு. கட்டணம் கட்ட ஏற்றதல்ல. விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்துக் காசைச் சுற்றுங்கள். விளக்கை நகர்த்தும்போது இடம் மாறும் இரட்டிப்பு ஒளியின் விளையாட்டு, மாறாதது உலோகம்.

விண்ணப்பத்தில் வெறும் 'டபுள் டை' என்று எழுதுவதுதான் மிகப் பரவலான தவறு. '1972, எஃப்எஸ்-101' என்று முழு எண்ணோடு எழுதுங்கள். பத்திரத்தில் பொதுப்பெயர் இருந்தால் லேபிளிலும் பொதுப்பெயர்தான் வர வாய்ப்பு. முதலாவது டையா, ஆறாவதா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரு காசில் இரண்டு கோரிக்கை இருந்தால், உதாரணமாக டபுள் டையும் மின்ட் மார்க் மறுதட்டும், எது முக்கியம் என்பதை முதலில் எழுதுங்கள்.

காசை பிவிசி கலக்காத மென்மையான உறையில் வையுங்கள். பிவிசி கலந்த உறை நாளடைவில் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். ஸ்டேப்பிள் அடித்த அட்டையோடு அனுப்பக் கூடாது. பிரிக்கும்போது கம்பி கீறினால் கிரேடு எண் இல்லாமல் வெறும் 'டீடெய்ல்ஸ்' என்று வந்துவிடும். கழுவிய, கீறிய காசுக்கும் வெரைட்டிப் பெயர் கிடைக்கும். பெரிய வெரைட்டி என்றால் அப்போதும் அனுப்புவது பயன்தான். சின்ன வெரைட்டி என்றால் கிரேடிங், வெரைட்டி, போக வர தபால், காப்பீடு நான்கையும் கூட்டி, ஏலங்களில் அதே கிரேடு உண்மையில் போன விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஏற்கெனவே கூட்டில் இருக்கும் காசுக்குப் பின்னால் வெரைட்டி கேட்க மூன்று நிறுவனங்களிலும் வழி உண்டு, மறுகூடு கட்டணம் சேரும். பெயர் வராமல் திரும்பினால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். பட்டியல் படத்தையும் உங்கள் காசையும் ஒரே கோணத்தில், ஒரே விளக்கில் எடுத்து, பொருந்தும் டைக் கீறல் ஒன்றையாவது வட்டமிட்டு, கூட்டின் சான்றிதழ் எண்ணோடு வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். பொருந்தும் கீறல் ஒன்றுகூட உங்கள் காசில் இல்லையென்றால் அது வேறு டை.